இரட்டைத் தலை வயர்

ஜெலுத்தோங், ஜார்ஜ்டவுன்
4 மே 2025

அன்புள்ள சுகுமாரன் அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் குழந்தை சாந்தினியும் சௌக்கியம். அங்கே உங்கள் உடம்பு எப்படி? சபா காட்டில் அட்டை கடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். காலில் உப்புத் தண்ணீர் தடவிக்கொள்ளுங்கள். போனில் பிடிக்க முடியாத இடத்தில் வேலை பார்க்கும் அண்ணன் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார். போகட்டும், கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதுவும் நல்லதுதான்.

மின்சாரக் கம்பெனி கொடுத்த சோலார் தகடுகள் இப்போது எங்கள் லோரோங் சந்தில் எல்லா வீட்டுக் கூரையிலும் ஏறிவிட்டன. இனி கரி எரிக்கப் போவதில்லை, புகையில்லாத கரண்ட்தான் என்று மண்டபத்தில் ஒரு பெரிய அதிகாரி வந்து பேசினார். பில் குறைந்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் போன வாரம் காற்றடித்துக் கரண்ட் போனதும் கூரைத் தகடும் கூடவே செத்துவிட்டது. பட்டப்பகல், தலைக்கு மேல் வெயில், வீட்டுக்குள் ஃபேன் ஓடவில்லை! பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா எனக்குக் கேட்க வேண்டும் என்றே வாசலில் நின்று சொன்னார்: "லைன்மேன் பொண்டாட்டி நம்ப லோரோங்லதான் இருக்கா, என்னா பிரயோசனம்? சூரியன தலைமேல வெச்சிக்கிட்டு வேர்த்துக் கொட்டுதுலா!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தைப்பூசத்துக்கு வந்தபோது நீங்கள் வைத்துக் கொடுத்த பேட்டரிப் பெட்டியை இழுத்தேன். நீங்கள் சொன்னபடியே முதலில் மெயின் சுவிட்சை இறக்கினேன். பிறகு இரண்டு பக்கமும் பிளக் வைத்த அந்த வயரில் ஒரு தலையைப் பெட்டியிலும் இன்னொரு தலையைச் சமையலறைச் சுவரிலும் சொருகினேன். வீடு முழுக்கக் கரண்ட்! பாதி லோரோங் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து போன் சார்ஜ் போட்டது. நல்லம்மாள் அக்கா இரண்டு கப் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

உங்கள் மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. கரண்ட் இருந்தால் அவர் வீட்டில் இருப்பார். கரண்ட் போனால் அவர் எங்கேயாவது கம்பத்தில் இருப்பார். பிறகு எப்படித் தெரியும்?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
காமினி


கெனிங்காவ் வழியாக, சபா
25 மே 2025

அன்புத் தங்கை காமினிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம், அட்டைகளும் சுகம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சாந்தினிக்கு என் முத்தம்.

உன் கடிதம் படகில் அரிசி மூட்டையோடு வந்தது. இங்கே டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டு ஆற்றோரத்து ஊரைச் சூரிய ஒளியிலேயே ஓட்டப் போகிறோம். கண்ட்ராக்டரிடம் தினக்கூலியாக வந்தவனைக் கம்பெனியே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு இருக்கிறது. செப்டம்பரில் நேர்காணல். உன் அண்ணனும் ஆபீசர் சட்டை போடுவான் போல, சிரிக்காதே.

அந்த வயர் உன் கையில் மட்டும் இருக்கட்டும். வேறு யாருக்கும் கொடுக்காதே, காட்டாதே. மெயினை இறக்காமல் சொருகவே கூடாது. மாப்பிள்ளையிடம் இப்போதைக்குப் பேச்செடுக்க வேண்டாம். அவர் சட்டம் பேசுவார், என் எலெக்ட்ரீஷியன் லைசென்ஸ் விவகாரமாகிவிடும்.

யாருக்காவது கொடுத்தாயா? பதிலில் எழுது.

அன்புடன்,
சுகுமாரன்


ஜெலுத்தோங்
14 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நேர்காணல் செய்தி படித்து நான் துள்ளிவிட்டேன். நல்ல சட்டையாக வாங்கி அனுப்புகிறேன், கழுத்தளவு எழுதுங்கள்.

சாந்தினிக்குப் பல் விழுந்து முளைக்கிறது. சந்தையில் கெம்போங் மீன் விலை ஏறிவிட்டது. இந்த மாதம் சுமத்ரா காற்று இரண்டு முறை வந்து தகரங்களைக் கழற்றிவிட்டுப் போனது. எதிர்வீட்டு நோர்மாவின் ஃபிரிட்ஜில் கெண்டூரி விருந்துக்கு வாங்கின இறைச்சி ஒரு துண்டு கெடவில்லை. இப்போது கரண்ட் போனாலும் எங்கள் லோரோங்கில் யாரும் கத்துவதில்லை. முன்பெல்லாம் என்ன கூச்சல்! எல்லோரும் என்னைக் கண்டால் சிரித்துப் பேசுகிறார்கள். நல்லம்மாள் அக்கா தன் வீட்டு முருங்கைக்காயை அவராகவே கொண்டுவந்து கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு வேலை அதிகம். வந்ததும் படுத்துவிடுகிறார்.

உங்கள் அன்புத் தங்கை,
காமினி


கெனிங்காவ் வழியாக
2 ஜூலை 2025

காமினிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. யாரும் கத்துவதில்லை என்றால் என்ன அர்த்தம்? நோர்மாவின் ஃபிரிட்ஜ் எப்படி ஓடியது? எனக்குப் புரிந்துவிட்டது.

கவனமாகப் படி. கரண்ட் போனால் கூரைத் தகடு தானே நின்றுவிடுவது கோளாறு இல்லை. லைனில் கை வைக்கிற ஆளைக் காப்பாற்றுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மெயினை இறக்காமல் அந்த வயரைச் சொருகினால் பெட்டியின் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டிக் கம்பத்துக்கு ஏறும். தெரு முழுக்க ஒரே லைனில் இருந்தால் பெட்டி பாரம் தாங்காமல் அணைந்துவிடும். ஆனால் மரம் விழுந்து நாலைந்து வீட்டு லைனை மட்டும் தனியாகக் கழற்றி வைத்திருந்தால் அணையாது. கரண்ட் திரும்பிவிட்டது என்று நம்பி அந்த வீடுகளின் கூரைத் தகடுகளும் விழித்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து கம்பத்தில் இருப்பவன் கைக்குப் போகும்.

கம்பத்தில் யார் இருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

எல்லா வயரையும் திரும்ப வாங்கு. இன்றைக்கே வாங்கு.

சுகுமாரன்


ஜெலுத்தோங்
5 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் வீட்டில் யாரும் சரியாக இல்லை. உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. படகு தாமதமா?

அவரோடு வேலை செய்கிற அஃபிக்கை உங்களுக்குத் தெரியும், நம் வீட்டில் வந்து தோசை சாப்பிட்டுப் போவானே, அவன்தான். வியாழக்கிழமை சுங்கை பினாங் பக்கம் அறுந்த லைனை இழுக்கப் போனான். கரண்ட் வெட்டியாகிவிட்டது. சோதித்தும் பார்த்தாகிவிட்டது. அவன் கை வைத்த பிறகு லைனில் கரண்ட் வந்துவிட்டது. இடுப்புக் கயிறு இருந்ததால் கீழே விழவில்லை, தொங்கினான். இவர்தான் ஏறி இறக்கினார். உயிர் இருக்கிறது. வலது கை விரல்கள் மடங்கவில்லை என்கிறார்கள்.

அவர் வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். சோறு வைத்தேன், தொடவில்லை. "வெட்டின லைன்ல எப்படி வரும் காமினி? எங்கேருந்து வரும்?" என்று என்னையே கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றுதான் எழுதுகிறேன். எப்படி வரும் அண்ணே?

காமினி


ஜெலுத்தோங்
16 ஜூலை 2025

அண்ணே,

உங்கள் கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடி படித்தேன்.

கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுத்தேன். நம் வயரைச் சூலியா தெரு சீனி முகம்மது கடைக்கு எடுத்துப் போய், இதே மாதிரி செய்து கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். பெட்டியும் அவர் கடையிலேயே கிடைத்தது. மெயினை இறக்கச் சொல்லி எல்லோரிடமும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். முதல் ஆளுக்கு விளக்கமாகச் சொன்னேன். கடைசி ஆளுக்கு என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் வரவில்லை.

அன்றைக்கே வயரைத் திரும்பக் கேட்டு வீடு வீடாகப் போனேன். நோர்மா மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டாள். மற்றவர்களும் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். நல்லம்மாள் அக்காதான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கொடுத்ததத் திருப்பிக் கேக்குறது என்னாடி பழக்கம்? ஒங்க வீட்டுக்காரரு கம்பத்துல ஏறணும்னா நாங்க இருட்டுல கெடக்கணுமா? நான் மெயின எறக்கிட்டுத்தான் போடுறேன், போ." அவர் இறக்குகிறாரா என்று யார் உள்ளே போய்ப் பார்ப்பது?

சுங்கை பினாங்கில் நான் யாருக்கும் கொடுக்கவில்லை அண்ணே. அப்படியென்றால் அஃபிக்குக்கு நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லைதானே? சம்பந்தமில்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

அவரிடம் சொல்லிவிடட்டுமா? பயமாக இருக்கிறது. சாப்பிடும்போது அவர் கையைப் பார்க்க முடியவில்லை. மேகம் கறுத்தால் வாசலுக்கு ஓடி நல்லம்மாள் அக்கா வீட்டு ஜன்னலைப் பார்க்கிறேன். உடனே பதில் போடுங்கள்.

காமினி


கெனிங்காவ் வழியாக
6 ஆகஸ்ட் 2025

காமினி,

நலம்.

இப்போது சொல்லாதே. சொன்னால் அவர் ரிப்போர்ட் எழுதியே ஆக வேண்டும், அவர் குணம் உனக்குத் தெரியும். முதல் கேள்வி யார் செய்து கொடுத்தது என்பதுதான். நேர்காணல் முடியட்டும். தீபாவளிக்கு வருகிறேன், நானே பக்குவமாகப் பேசுகிறேன். அதுவரை மீதி வயரைச் சத்தமில்லாமல் வாங்கிவிடு.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

சுகுமாரன்


ஜெலுத்தோங்
23 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் நான் கேட்ட ஒரு வரி இல்லை. சாந்தினி எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் நலம்.

நீங்கள் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நேற்று சூலியா தெருவுக்குப் போனேன். சீனி முகம்மது கடை வாசலில், துடைப்பக்கட்டைக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவில், அந்த வயர் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பாய், இதை விற்காதீர்கள், ஆள் செத்துப்போவார்கள் என்றேன். அவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

"என்னாம்மா இப்படிச் சொல்றீங்க? நீங்கதானே கொண்டாந்தீங்க. நான் கேட்டேன், ஆபத்தில்லையான்னு. என் வீட்டுக்காரரு லைன்மேன், நானே போடுறேன்னு சொன்னீங்க. அதச் சொல்லித்தான் எல்லாருக்கும் விக்கிறேன். லைன்மேன் பொண்டாட்டியே வீட்டுல வெச்சிருக்கிற சாமான்னு சொன்னா ஒருத்தரும் மறுகேள்வி கேக்குறதில்ல. சிம்பாங் அம்பாட்லேருந்து வந்து வாங்குறாங்க, நிபோங் திபால் கடைக்காரரு மொத்தமா எடுத்துக்கிட்டுப் போனாரு."

சுங்கை பினாங்குக்கும் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "ஓ, கொடுத்தேனே," என்றார்.

நீங்கள் ஏன் அந்த வரியை எழுதவில்லை என்று அப்போது புரிந்தது.

தொங்கினதையெல்லாம் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். விற்றுப் போனதை என்ன செய்வது? அஃபிக்கின் அம்மா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் புருஷன்தான் என் பிள்ளையை இறக்கினார்" என்று அழுதார். நான் அந்தக் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி என்னால் முடியாது. சொல்லலாம் என்று எழுதுங்கள்.

காமினி


ஜெலுத்தோங்
2 அக்டோபர் 2025

அண்ணே,

உங்களிடமிருந்து கடிதமே இல்லை. நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் இனி பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பேய்க்காற்று. எங்கள் லோரோங் முனையில் ஆங்சானா மரத்தின் பெரிய கிளை லைன்மேல் விழுந்தது. கம்பெனி லாரி வந்தது, இறங்கியவர் இவர்தான். எங்கள் பக்கத்து வீடுகளின் லைனை மட்டும் தனியாகக் கழற்றினார்கள். நீங்கள் எழுதினீர்களே, அதே மாதிரி. நான் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் ஏறினார். சோதித்தார், கரண்ட் இல்லை. லைனை மண்ணோடு சேர்த்துக் கட்டும் கம்பியை எடுக்க இடுப்புப் பக்கம் திரும்பினார்.

அப்போது நல்லம்மாள் அக்கா வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது.

மெயினை இறக்கினாரா, இறக்கவில்லையா? எனக்கு எப்படித் தெரியும்! இவர் கை லைனை நோக்கிப் போகிறது. நான் கத்தினேன் அண்ணே. என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. "தொடாதீங்க! கரண்ட் வருது! தொடாதீங்க!" குடை எங்கே போனது தெரியாது, லாரி வரைக்கும் ஓடியிருக்கிறேன். அவர் கையை இழுத்துக்கொண்டு சோதிக்கும் கோலை நீட்டினார். அது கூவியது. மழைச் சத்தத்தையும் மீறிக் கூவியது.

அவர் இறங்கி வந்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "ஒனக்கு எப்படிலா தெரியும்?" என்று கேட்டார், ரொம்ப மெதுவாக.

வீட்டுக்குள் போய் நம் வயரை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னேன். அஃபிக்கைப் பற்றியும் சொன்னேன். யார் செய்தது என்று கேட்டார். என் அண்ணன் சுகுமாரன் என்று சொன்னேன்.

ரிப்போர்ட் போய்விட்டது. அவர் வீட்டில் பேசுவதில்லை. சாந்தினியோடு மட்டும் பேசுகிறார். நல்லம்மாள் அக்கா வாசலில் வந்து நின்று அழுதார். நான் திட்டவில்லை, எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

உங்கள் பெயரைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கேட்க வரவில்லை.

காமினி


கெனிங்காவ்
17 அக்டோபர் 2025

என் தங்கை காமினிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஆற்றில் வெள்ளம், படகில்லை என்று எழுதலாம், நீ நம்பிவிடுவாய். அது பொய். ஆகஸ்ட் கடிதம் சட்டைப் பையில் இருக்கும்போதே நேர்காணலுக்குப் போனேன். பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்கள், நன்றாகப் பதில் சொன்னேன். வேலையும் கிடைத்தது. உனக்குப் பதில் போட்டால் சொல் என்று எழுத வேண்டியிருக்கும், அதனால் எழுதவில்லை.

நீ என் பெயரைச் சொல்லியிராவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன். இது உனக்குத் தெரிய வேண்டும்.

லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வேலையும் இல்லை. மாப்பிள்ளை அந்தக் கம்பத்தில் நின்றதை நினைத்துக்கொண்டு என்னால் இங்கே இருக்க முடியாது. அடுத்த விமானத்தில் வருகிறேன். நிபோங் திபாலில் வீடு வீடாக நான் போகிறேன். அவர் என்னை வீட்டுக்குள் விடாவிட்டாலும் பரவாயில்லை, எங்காவது தங்கிக்கொள்வேன்.

சுகுமாரன்


ஜெலுத்தோங்
9 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

நிபோங் திபாலில் தங்கும் இடம் வசதியா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? போன் இருந்தும் கடிதம் எழுதுகிறேன். இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மழைக்காலம் முடியும்வரை அவரைச் சிம்பாங் அம்பாட் பக்கம் போட்டிருக்கிறார்கள். செய்தி வந்த அன்றுதான் என்னோடு பேசினார். "நீயும் வா," என்றார், அவ்வளவுதான். இப்போது அவர் லாரியில் போகிறார், நான் பஸ்ஸில் போகிறேன். அவர் கம்பங்களைப் பார்க்கிறார், நான் கதவுகளைத் தட்டுகிறேன். கம்பெனி நோட்டீசைக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. அதனால் என் கணவர்தான் இங்கே கம்பத்தில் ஏறுபவர் என்று சொல்லிக் கேட்கிறேன். சிலர் வயரைக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் அப்படி ஒன்று வாங்கவே இல்லை என்று வேறு பக்கம் பார்த்துச் சொல்கிறார்கள்.

நேற்று மத்தியானம் ஒரு தாமான் குடியிருப்பில் நிற்கும்போது இடி இடித்துக் கரண்ட் போய்விட்டது. அவர் அடுத்த தெருவில் இருந்தார், லாரியின் மஞ்சள் விளக்கு சுற்றுவது எனக்குத் தெரிந்தது. தெரு முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. நான் அடுத்துத் தட்ட வேண்டிய வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே டிவி சத்தம் கேட்டது. கிரில்லைப் பிடித்து ஆட்டினேன், பெயர் தெரியாத அந்த வீட்டுக்காரர்களை அம்மா, அக்கா, மக்சிக் என்று வாய்க்கு வந்ததெல்லாம் கூப்பிட்டேன். திரைச்சீலை கொஞ்சம் விலகியது. என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

நான் அடுத்த தெருவுக்கு ஓடினேன். ஓடுகிற வழியில் இன்னும் இரண்டு வீட்டில் விளக்கு எரிந்தது அண்ணே.

நேற்று அவர் உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். இன்றைக்குக் காலையிலும் கிளம்பிப் போயிருக்கிறார். உங்களுக்கு அங்கே எத்தனை கதவு திறக்கிறது என்று எழுதுங்கள்.

காமினி